டியூஷனா, கவுன்சலரா, டாக்டரா? பாடத்தில் மனம் நிலைக்காத பிள்ளைக்கு முதலில் எந்தக் கதவைத் தட்டுவது

காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "பையன் ஏழாவது. அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் படிச்சான். இப்ப புக்கைத் திறந்தா பத்து நிமிஷம் உட்கார மாட்டேங்கறான், கேட்டா எரிஞ்சு விழறான். டியூஷன் மாத்தலாமா, கவுன்சலிங் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல டாக்டர்கிட்டயே காட்டிடலாமா?"

கேட்கிற விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே கோளாறுக்கு விலை கூடிக் குறைந்த மூன்று வைத்தியங்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். மலிவானதில் தொடங்கி, சரிவரவில்லை என்றால் அடுத்ததற்குப் போவது என்று கணக்கு. உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்துக்கானது. பாடம் விட்டுப்போன பிள்ளைக்கு டியூஷன் உதவும். பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு அதே டியூஷன் இன்னொரு பயம். தவிர, பள்ளிக்கூடம் என்ற நான்காவது வழியை யாரும் கேட்பதே இல்லை. அங்கே புகார் வாங்கத்தான் போகிறோம், உதவி கேட்கப் போவதில்லை.

ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் இது ஏன் வெடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை பல பள்ளிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு ஒரே டீச்சர். நோட்டை எடு, தேதி போடு, பையில் வை என்று அவரே நாள் முழுக்கக் கூடவே ஓடுவார். ஆறாவதில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, தனி வீட்டுப்பாடம், ஆளுக்கொரு தேதி. நினைவில் வைப்பது, வரிசைப்படுத்துவது, நேரம் ஒதுக்குவது எல்லாம் திடீரென்று பிள்ளையின் தலையில். அதுவரை டீச்சரின் கைப்பிடியில் நடந்த பிள்ளைக்கு அப்போதுதான் கால் தடுமாறுவது தெரிகிறது. அதே வயதில் பருவ மாற்றமும் வந்து தூக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மனநிலையையும் ஆட்டி வைக்கிறது. "அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்" என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

எப்போதிலிருந்து? கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு திடீரென்று பதின்மூன்று வயதில் முளைப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். அதனால் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடி எடுங்கள். இரண்டாம் வகுப்பிலேயே "இடத்தில் உட்காருவதில்லை", "கவனம் தேவை" என்று எழுதியிருந்தால் அது ஒரு கதை. போன ஜனவரி வரை சரியாக இருந்து பிறகு சரிந்திருந்தால் அது முற்றிலும் வேறு கதை. அந்த ஜனவரியில் என்ன நடந்தது என்றுதான் பார்க்க வேண்டும்: இடமாற்றமா, வீட்டில் சண்டையா, நண்பன் விலகினானா, யாராவது தொல்லை கொடுக்கிறார்களா?

எங்கெல்லாம்? குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்பது அதே கையேட்டின் இன்னொரு விதி. கணக்கு வகுப்பில் மட்டும் கவனம் போகிறது என்றால் கணக்கையோ கணக்கு வாத்தியாரையோ பாருங்கள். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பாருங்கள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் உடைத்துவிட வேண்டும். "போன்ல மூணு மணி நேரம் கேம் ஆடறானே, அப்ப கவனம் இருக்கே, இது வெறும் திமிர்" என்பார்கள். கேமில் ஒவ்வொரு நொடியும் புதுசு, ஒவ்வொரு நொடியும் பரிசு. ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் அதில் மணிக்கணக்கில் மூழ்குவான். சலிப்பான வேலையில் தானாகக் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் அவனுக்குக் கடினம்.

மனசு எப்படி இருக்கிறது? பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும், எதிர்த்துப் பேசுவதாக வரும், பிடித்த கிரிக்கெட்டைக் கூட விடுவதாக வரும். பதற்றம் திங்கட்கிழமைக் காலை வயிற்றுவலியாக வரும். இரண்டும் கவனத்தைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் "படிப்பில் கவனமில்லை" என்ற ஒரே வாசகம்தான். குழப்பம் என்னவென்றால், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பலருக்கும் வருஷக்கணக்கில் திட்டு வாங்கி வாங்கியே பதற்றமும் தாழ்வு எண்ணமும் சேர்ந்துவிடுகின்றன.

உண்மையான செலவு என்ன? பணம் ஒரு பகுதிதான். பிள்ளையின் மாலை நேரம், தூக்கம், வகுப்பில் அவன் மானம், தவறான இடத்தில் கழிந்த மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன்னால் சில எளிய பரிசோதனைகள் உண்டு. கண், காது, ரத்தத்தில் ஹீமோகுளோபின், மருத்துவர் சொன்னால் தைராய்டு. இரும்புச்சத்துக் குறைவு சோர்வையும் கவனக்குறைவையும் தரும், அதுவும் பெரிய பெண்ணான பிள்ளைகளிடம் அதிகம். வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் கேட்காமல், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிற பிள்ளையை டீச்சர் "கனவு காண்கிறாள்" என்பார். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையைக் குழந்தை நல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டியே ஆக வேண்டும். அப்புறம் தூக்கம். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளி வேன் பிடிக்கிற பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்?

## டியூஷன்

எங்கே பயன்: இடைவெளி பாடத்தில் இருக்கும்போது. டைஃபாய்டில் ஒரு மாதம் படுத்துவிட்டான், பின்னங்கள் போய்விட்டன, அதற்குப் பிறகு வந்த எதுவும் புரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாலைந்து பேர் மட்டும் இருக்கிற நல்ல டியூஷன் சில மாதங்களில் பெரிய மாற்றம் தரும். பிள்ளையே "இது எனக்குப் புரியல" என்று குறிப்பாகச் சொன்னால் அதை நம்பலாம்.

மறைவான விலை: மற்ற பிள்ளைகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏழு மணி நேரம் உட்கார முடியாமல் தவித்தவனை இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்வதில் என்ன நியாயம்? விளையாட்டு போகிறது, தூக்கம் குறைகிறது, இரண்டுமே கவனத்துக்குத் தேவையானவை. "இத்தனை செலவு பண்றோம், அப்படியும்..." என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிடும். மாதக் கட்டணம் குறைவு என்பதாலேயே ஒரு முழுக் கல்வியாண்டு இதில் கரைந்துபோவது சகஜம்.

## பள்ளிக்கூடத்திலேயே ஏற்பாடு

கட்டணம் இல்லாத வழி இது. நம் ஊரில் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். பிரச்சினை நடக்கிற இடம் வகுப்பறை, ஒரு நாளின் பெரும்பகுதியை அவன் கழிக்கிற இடமும் அதுதான். அங்கே இரண்டு விஷயம் மாறினாலே வீட்டுக்கு வரும் பிள்ளையின் முகம் மாறும்.

ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். "கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்" என்றால் எதுவும் நடக்காது. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எதைப் பார்ப்பார்? சின்னச் சின்னதாக, செய்யக்கூடியதாகக் கேளுங்கள். ஜன்னலையும் கதவையும் விட்டு முன்வரிசையில் இடம். தண்டனையாக இல்லாமல், அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில். பத்துக் கணக்கை ஒரே மூச்சில் கொடுக்காமல் மூன்று மூன்றாக. நடுவில் எழுந்து நடக்க ஒரு சாக்கு, கரும்பலகையைத் துடைப்பதோ நோட்டுகளை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வருவதோ. கடைசி மணிக்கு முன் டைரியில் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறதா என்று ஒரு பார்வை. பேர் சொல்லி வகுப்பு முன்னால் திட்டுவதற்குப் பதிலாக மேஜையில் விரலால் ஒரு தட்டு. இதில் ஒன்றிரண்டை எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். நாலு வாரம் கழித்துப் போய் எது பலித்தது என்று கேளுங்கள். பின்னால் உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ போக நேர்ந்தால் இந்தத் தகவல் மிகவும் உதவும்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் கவுன்சலர் இருக்க வேண்டும் என்பது இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால், ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. கற்றல் குறைபாடும் ஏடிஹெச்டியும் அதன் பட்டியலில் உண்டு. மேல்பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. தலைமையாசிரியரிடம் கேட்டாலே போதும். மாணவர்கள் பேசுவதற்குத் தமிழக அரசின் 14417 என்ற எண்ணும் இருக்கிறது.

மறைவான விலை: ரகசியம். கவுன்சலரிடம் சொன்னது ஸ்டாஃப் ரூமுக்குப் போய், அங்கிருந்து வகுப்புக்கு வந்துவிடும் என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு, அது முழுக்க ஆதாரமில்லாத பயமும் இல்லை. சில பள்ளிகளில் பாடம் எடுக்கிற ஆசிரியரே கவுன்சலர் பொறுப்பையும் சுமப்பார், மார்க் போடுகிறவரிடம் எவன் மனம் திறப்பான்? பி.டி. பீரியடில் கூப்பிடுவதும் வேண்டாம். விளையாட்டும் போகும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிரச்சினையின் மூலம் பள்ளியே என்றால், ஒரு ஆசிரியரின் அடியோ சக மாணவர்களின் கேலியோ காரணம் என்றால், இந்த வழி மட்டும் போதாது.

## வெளியில் ஒரு உளவியலாளர்

எங்கே பயன்: பதற்றம், பள்ளிக்குப் போக மறுப்பது, தாழ்வு எண்ணம், வீட்டில் ஓயாத சண்டை. இவற்றுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை நன்றாக உதவும். அதைவிட முக்கியமாக, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முறையான மதிப்பீடு வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் எல்லாம் தெரிகிறது, எழுதினால் எழுத்தெல்லாம் தலைகீழ் என்ற பிள்ளையை "கவனமில்லை" என்று வருஷக்கணக்கில் திட்டியிருப்போம். வாசிப்பே போராட்டமாக இருக்கிறவன் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கத்தானே செய்வான்?

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் போன்ற சலுகைகள் தேவைப்படும் என்று தோன்றினால் பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் எட்டாவதிலேயே மதிப்பீட்டை முடித்துவிடுங்கள். தனியார் அறிக்கையை மட்டும் நம்பிவிடாமல், எந்தச் சான்றிதழ் செல்லும் என்று பள்ளியிடம் முதலில் கேட்டுக்கொள்ளவும்.

யாரிடம் போவது: "கவுன்சலர்" என்று பலகை மாட்ட யாராலும் முடியும். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் மாட்டுகிறார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மறைவான விலை: மதிப்பீடு ஒரே நாளில் முடியாது, சில ஆயிரம் ஆகும். அதன் பிறகு வாராவாரம் அமர்வு. மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் வசிப்பவர்களுக்குப் பரவாயில்லை. சின்ன ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் பஸ் பயணமும் சேரும். இன்னொன்று, வேலையில் பாதி பெற்றோருக்குத்தான். கட்டளையை எப்படிச் சுருக்குவது, எதைப் பாராட்டுவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்று நமக்குத்தான் வீட்டுப்பாடம் தருவார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து போன் பார்த்தால் பணம் வீண்.

## மனநல மருத்துவர்

பெயரைக் கேட்டாலே வீடு அதிரும். "நம்ம பிள்ளைக்கா?" என்று பாட்டி கேட்பார், மாமா ஒருவர் "மாத்திரை போட்டா மூளை மழுங்கிடும்" என்பார். ஏடிஹெச்டிதான் என்று உறுதியாகி, வகுப்பறை மாற்றங்களுக்குப் பிறகும் அன்றாடம் முட்டுகிறது என்றால் மருந்து பேசப்பட வேண்டிய வழி. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இந்த வரிசையைத்தான் சொல்கிறது.

மருந்து எவ்வளவு பலிக்கும்? அமெரிக்காவில் 1999-இல் முடிவுகள் வெளியான எம்டிஏ ஆய்வில் 579 பிள்ளைகளை, 7 முதல் 9 வயது, நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனக்குறைவு, துறுதுறுப்பு இரண்டிலும், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைச் சிகிச்சையை (பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி தந்து பிள்ளையின் பழக்கங்களை மாற்றும் முறை) மட்டும் கொடுத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பதற்றமும் சேர்ந்திருந்த பிள்ளைகளிடம் நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல பலன் இருந்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துவிட்டது. மருந்து பலிக்கிறது, ஆனால் அதை மட்டும் தொடங்கிவிட்டு மற்றதை மறந்தால் போதாது என்று நான் இதைப் படிக்கிறேன்.

மறைவான விலை: அதிகம் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும், சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், தலைவலி, வயிற்றுவலி வரலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டிலுள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது. அடோமாக்ஸெட்டின் வேறு வகை. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பிள்ளையின் மனநிலையையும் தற்கொலை எண்ணம் ஏதும் வருகிறதா என்பதையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் மாத்திரையை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று கொடுப்பது ஆபத்து.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. வரிசையில் அரை நாள் போகும், அதுதான் விலை.

## ஒரே பார்வையில்

| | எதற்கு ஏற்றது | பலன் தெரிய | மறைவான விலை |
|---|---|---|---|
| டியூஷன் | பாட இடைவெளி | சில மாதம் | விளையாட்டு, தூக்கம் |
| பள்ளி ஏற்பாடு | லேசானது முதல் நடுத்தரம் வரை, எல்லோருக்கும் துணையாக | சில வாரம் | ரகசியம் கசியலாம் |
| உளவியலாளர் | பதற்றம், கற்றல் குறைபாடு, வீட்டுச் சண்டை | சில மாதம் | பயணம், பெற்றோரின் உழைப்பு |
| மனநல மருத்துவர் | உறுதியான ஏடிஹெச்டி, ஆழ்ந்த மனச்சோர்வு | மருந்தைப் பொறுத்து அன்றே அல்லது சில வாரம் | பக்கவிளைவு, உறவினர் வாய் |

## அப்படியென்றால் எது?

சின்ன வயதிலிருந்தே, வீட்டிலும் பள்ளியிலும், எல்லாப் பாடத்திலும் என்றால்: பள்ளி ஏற்பாட்டை உடனே தொடங்குங்கள், கூடவே மதிப்பீட்டுக்கு நாள் வாங்குங்கள். டியூஷனை நிறுத்தி வையுங்கள்.

சமீபத்தில் தொடங்கியது, எரிச்சலும் ஒதுங்கலும் சேர்ந்திருக்கிறது என்றால்: உளவியலாளர். அதற்கும் முன்னால், மார்க் பற்றிய பேச்சே இல்லாமல் பிள்ளையோடு ஒரு மாலை.

ஒரு பாடத்தில் மட்டும் என்றால் டியூஷன் சரி. வாசிப்பதும் எழுதுவதுமே தடுமாற்றம் என்றால் கற்றல் குறைபாட்டு மதிப்பீடு.

அமைதியான பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் தப்பிவிடும். அவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருஷம் முடிந்துவிடும். மார்க் மெல்லச் சரிகிறது, பொருட்கள் அடிக்கடி தொலைகின்றன, பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் துறுதுறுப்பு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று வாயில் வந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவர். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இரவு நேரம் என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பள்ளியை மாற்றலாமா என்றும் கேட்பார்கள். கேலியோ அடியோ காரணம், நிர்வாகமும் காது கொடுக்கவில்லை என்றால் மாற்றுங்கள். மற்றபடி பிரச்சினையும் பையோடு கூடவே புதுப் பள்ளிக்கு வரும்.

முதல் சந்திப்புக்கு, யாரிடம் போனாலும், இவற்றை எடுத்துப்போங்கள்: ஒன்றாம் வகுப்பிலிருந்து கிடைக்கிற ரேங்க் கார்டுகள், இந்த வருஷத்து நோட்டு இரண்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, இரண்டு வாரம் தூங்கி எழுந்த நேரம் எழுதிய தாள், வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய நாலு வரி. பிள்ளையிடம் "ஊசி போட மாட்டாங்க, சும்மா வா" என்று ஏமாற்றிக் கூட்டிப்போக வேண்டாம். "படிக்க உட்காரும்போது உனக்குக் கஷ்டமா இருக்கு, அது ஏன்னு கேட்கப் போறோம், உன் பேச்சையும் கேட்பாங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.